நாற்பத்தொன்பது

யூனியன் பிளேஸ், ஏழாம் மாடி.
செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மழை.
கண் சத்திரசிகிச்சைக்கான காப்புறுதிப் பணத்தை
மறுத்ததற்கு எங்கள் மென்பொருள் சொன்ன காரணம்:
காப்புறுதிதாரர் இன்னும் பிறக்கவில்லை.

சௌந்தரவல்லி இராசநாயகம், கொட்டாஞ்சேனை.
பிறந்த திகதி 2049, சித்திரை இருபத்தொன்று.

அடையாள அட்டை இலக்கத்தைத் திறந்து பார்த்தேன்.
நாலு, ஒன்பது. பிறகு அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஐந்நூறு கூடியிருந்தால் பெண்;
கழித்தால் மிச்சம், ஆண்டின் நூற்றுப்பன்னிரண்டாம் நாள்.
பழைய அட்டையில் நூற்றாண்டுக்கு இடமில்லை.
அதை வகுத்தவர்களுக்கு அது தோன்றியிராது.
வரிசையில் நின்ற அநேகமாக எல்லாரும்
ஒரே நூற்றாண்டில் பிறந்தவர்கள்.

ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டேன்.
சாய்கோடு போட்டு ஒரே சரமாய்க் கொடுத்தால்
நாற்பத்தொன்பது வரை இரண்டாயிரம்,
ஐம்பதிலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
அதே எண்களைக் காற்புள்ளியால் பிரித்துக் கொடுத்தால்
அதே வாய் 1949 என்கிறது.
(அங்கே தை பூச்சியம், சித்திரை மூன்று.
அதற்கு இன்னொரு நாள் அழலாம்.)

தம்பியும் பட்டியலில் இருந்தார்.
அதே முகவரி. ஐம்பது, ஆவணி.
அவருடைய பணம் போன மாதமே போய்விட்டது.
ஒரு தாய், பதினாறு மாத இடைவெளி.
நாங்கள் தம்பியை அக்காவைவிடத்
தொண்ணூற்றெட்டு வயது மூத்தவராக்கியிருந்தோம்.

தொலைபேசி எடுத்தேன்.
“பிள்ளை, நான் பிறக்கேல்லையாம்.
அப்ப ஆற்ற கண்ணை வெட்டினவங்கள்?”
சிரித்தார். நானும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
“சாதகம் வேணுமெண்டாத் தாறன்.
விரோதி வருஷம், சித்திரை.
பிறப்புப் பத்திரம் ஐம்பத்தெட்டில போச்சு.
கப்பலில ஏத்தி அனுப்பினவை, திரும்பி வந்தனாங்கள்.
எண்பத்துமூண்டில பிறகும் ஏத்தினவை.
அதுக்குப் பிறகும் வந்திட்டம்.”

எந்த நூற்றாண்டு என்று நான் கேட்கவில்லை.

விரோதிக்கு அறுபதைக் கூட்டினேன், தொழில் பழக்கம்.
அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும்;
இரண்டிலக்கத்தையும் மிஞ்சிய சிக்கனம்.
நாற்பத்தொன்பதும் அறுபதும்.
விடை வந்ததும் கணிப்பானை மூடிவிட்டேன்.

தினேத் நாற்காலியைத் திருப்பினான்.
கோட்டை நகர்த்து, ஐம்பதுக்குப் பதில் முப்பது என்றான்.
முப்பத்தொன்றில் பிறக்கப்போகும் பிள்ளையை
1931இல் கொண்டுபோய் விடவா என்றேன்.
அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு இலக்க அட்டை,
பழைய அட்டை என்றால் பேசாமல் பத்தொன்பதைப் போடு என்றான்.
அது சரிதான். அதைப் போட்டேன்.

ஆனால் கையால் நிரப்பிய படிவங்கள் இருந்தன.
அவற்றில் இரண்டு இருபத்துநாலு:
மருதானையில் பல் முளைக்கும் ஒரு குழந்தை,
ஹெவ்லொக் வீதியில் பல் போய்
நூறும் தாண்டிய ஒருவர்.
இருவருக்கும் இருமல்.
இருவருக்கும் நடுவில் போட
என்னிடம் கோடு இல்லை.

தினேத் கடைசி 138ஐப் பிடிக்க ஓடினான்.
நான் நாலு இலக்கம் இல்லாத வரியெல்லாம்
கரும்பீடத்தில் யாராவது ஒரு ஆளிடம் போய்
நிற்கும்படி எழுதினேன்.
அவர் தொலைபேசியில் கேட்கட்டும்.
எதிர்முனையில் கப்பல் கதை வந்தால் அதையும் கேட்கட்டும்.
வேலை மெதுவாகும். முறைப்பாடு வரும்.

கண்ணாடிக்கு வெளியே பேரை வாவி
இருட்டோடு ஒட்டிப்போயிருந்தது.
திருத்தத்துக்கு மேலே குறிப்பு ஒன்று வைத்தேன்,
எனக்குப் பிறகு வருகிறவர்களுக்காக:
இது ஏன், எந்தப் பிழை, யாருடைய கண்.
கீழே என் முதலெழுத்து.
அதற்குப் பக்கத்தில்
நாள், சாய்கோடு, மாதம், சாய்கோடு,
இருபத்தைந்து.

அனுப்பிய பிறகுதான் கண்டேன்.